பதினெட்டடிக் கயிறு

ஜூன் 1, ஞாயிறு

காலை ஆராதனைக்குப் போகவில்லை. பியூலா மட்டும் போனாள். எனக்குச் சங்கக் கூட்டம்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோரைக்கழி என்கிற உப்பங்கழி கோடையில் வற்றி, தார்ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும்போது அதில் பாய்வண்டி ஓட்டுகிற பதினொரு பேர். மூன்று சக்கரம், ஒரு பலகை, நடுவில் ஒரு பாய்மரம், அதில் ஒரு பாய். பலகையில் மல்லாக்கப் படுத்து, முன்சக்கரத்தைக் காலால் திருப்பிக்கொண்டு காற்றோடு போக வேண்டியதுதான். பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மேல்காற்று ஏறி அடிக்கிற நாளில் பைக்கில் வருகிறவன் எங்கள் பின்னால்தான் வருவான்.

எங்கள் வண்டிகளுக்குக் கயிறு வகுப்பு என்று பெயர். விதிகளை எழுதியது நானும் என் சகலை ஆல்வினும். பியூலாவின் தங்கை ஷைனியைக் கட்டியவன். எழுதியது மொத்தமே இரண்டு பக்கம். சக்கரம் மூன்றும் ஹார்டுவேர் கடையில் விற்கிற, சிமெண்ட் தள்ளும் வண்டிச் சக்கரமாக இருக்க வேண்டும். பதினெட்டடிக் கயிறு ஒன்றை மூன்று சக்கரத்தையும் வெளியே சேர்த்துச் சுற்றினால் இரண்டு முனையும் தொட வேண்டும். மற்றதெல்லாம் அவனவன் இஷ்டம். பாயை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வண்டி அகலமாக இல்லாவிட்டால் பெரிய பாய் ஆளைக் கவிழ்த்துப் போட்டுவிடும். அகலமாக்கவோ கயிறு விடாது. அதனால் அந்தக் கயிற்றுக்குள் ஒரு விரல் அகலம் கூடுதலாகக் கிடைக்காதா என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

கயிறு என் பொறுப்பு, அளப்பதும் நான். முதல் வருடம் நைலான் கயிறு வைத்திருந்தோம். இழுக்கிறவன் கையைப் பொறுத்து நீண்டது, சண்டை வந்தது. நான்தான் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு வாங்கி வந்தேன். நீளவும் நீளாது, சுருங்கவும் சுருங்காது. கிரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

இன்று ரோட்ரிகோ சார் ஒரு முடிவு சொன்னார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் தலைவர். "அவனவன் மனசுபோலக் கட்டுனது போதும். ஆடி முதல் ஞாயித்துக்கிழமை எந்த வண்டி ஜெயிக்குதோ, அடுத்த வருசத்துலேருந்து எல்லாருக்கும் அதுதான் மாதிரி. கட்டுனவன் பேர்லயே கூப்பிடுவோம்" என்றார்.

பெயர் ஆசை எனக்குக் கிடையாது. ஆனால் போன இரண்டு வருடமும் ஜெயித்தது என் வண்டிதான். இந்த ஊர் முழுக்க நான் செய்த கேட்டும் கிரில்லும் நிற்கின்றன, ஒன்றிலாவது என் பெயர் இருக்கிறதா? கோயில்பிள்ளை வண்டி. சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

நேற்று எழுத விட்டுப்போனது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஆல்வினிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னேன்.

"சகல, நம்ம விதியில ஒரு ஓட்டை இருக்கு. வண்டியைக் காலியா வச்சு அளக்கணுமா, ஆள் படுத்த பிறகு அளக்கணுமான்னு எழுதவே இல்ல. எவனாவது வளையுற மாதிரி அச்சு போட்டுட்டு வந்தா என்ன செய்ய? காலியா நிக்கும்போது ஒடுங்கி நிக்கும். ஆள் ஏறினதும் விரிஞ்சிரும். ஆள் படுத்த பிறகுதான் அளக்கணும்னு ஒரு வரி சேத்துருவோமா?"

டீயை ஊதிக்கொண்டே யோசித்தான். "வேண்டாம் அண்ணாச்சி. எழுதுனா நமக்குத்தான் இடைஞ்சல்."

"நமக்கென்ன இடைஞ்சல்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பக்கத்துல அழகா இருக்கு, அப்படியே கெடக்கட்டும்னு சொல்லுதேன்." அப்புறம் கேட்டான்: "நீங்க படுத்திருக்கும்போது உங்க வண்டியை யாராவது அளந்திருக்காங்களா?"

"அளக்கிறவனே நான்தானல. படுத்துக்கிட்டே எப்படி அளக்க?"

இருவரும் சிரித்தோம். சின்னவன் என்றாலும் விவரமானவன். விதி என்றால் சுருக்கமாக இருப்பதுதான் அழகு. விட்டுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மதுரை போய், தார்ப்பாய் தைக்கிற கடையில் புதுப் பாய்க்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை பியூலாதான் தைத்துத் தந்தாள். குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை விளையாட்டில்லையே. அவளுக்கும் ஜாக்கெட் வேலை குவிந்து கிடக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்திருப்பாள்.

ஜூன் 14, சனி

கல்யாண மண்டபத்து கேட் வேலை முடிந்தது. மிச்ச நேரத்தில் வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பின்பக்க அச்சு அதே பழைய இரும்புப் பைப்தான். மாற்றத் தோன்றவில்லை. மனிதர்கள் எப்படியோ, இரும்பு என்னை ஏமாற்றியதில்லை.

சனிக்கிழமை என்றால் ஆல்வின் பட்டறைக்கு வந்துவிடுவான். இன்று வரவில்லை. ஆபீசில் வேலையாம். கப்பல் சரக்கு ஆபீஸ், எப்போது என்ன வரும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 19, வியாழன்

தூறல். கழியெல்லாம் சகதி. ஓட்டவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மதுரை ரோட்டில் ஆல்வினைப் பார்த்தேன். லாரி பட்டறையிலிருந்து ஒரு கமான் பட்டையை ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கட்டிக்கொண்டு வருகிறான். லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைந்திருக்குமே, அதில் ஒரு மெல்லிய பட்டை. என்னைப் பார்த்ததும் வண்டியே ஒரு ஆட்டம் ஆடிவிட்டது.

"கூட வேலை பாக்கிற பையனோட லோடு ஆட்டோவுக்கு, அண்ணாச்சி" என்றான்.

ஊருக்கு உபகாரம் செய்தே உருப்படாமல் போவான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எவனுக்கோ இரும்பு சுமக்கிறான். போகும்போது, "கயித்தை ஒரு நாளைக்குத் தாங்க, என் பழைய வண்டியை ஒருக்கா சரிபாத்துக்கிடுதேன்" என்றான். கொடுத்தேன். ஆல்வின் மாதிரி பொறுப்பாக மற்றவர்களும் இருந்தால் போட்டி நாளில் எனக்கு இவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றாது.

ஜூன் 28, சனி

பியூலா மூன்றாம் நாளாக மத்தியானம் ஷைனி வீட்டுக்குப் போகிறாள். ஷைனிக்கு முதுகு வலியாம். கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போவானேன் என்று கேட்டேன். "அவ ஜாக்கெட்டெல்லாம் இறுக்கமா இருக்காம்" என்றாள். வரும்போது சேலையெல்லாம் நூல். சாம்பார் ஆறிப்போயிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மதுரைப் பாய் வந்துவிட்டது. பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. கழியில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் படபடக்கிறது, போகப் போகப் படிந்துவிடும். ஆல்வினின் பழைய வண்டியை வெகுதூரம் பின்னால் விட்டேன். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சிரித்துக்கொண்டே வருகிறான்.

"அண்ணாச்சி, நீங்க ஏறிப் படுத்ததும் பின்சக்கரம் ரெண்டும் காலை அகட்டுதே, பாத்தீங்களா?" என்றான்.

என் உடம்பைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

ஜூலை 13, ஞாயிறு

ஷைனி வீட்டில் சாப்பாடு. ஊளி மீன் குழம்பு. புது வண்டி ஏதாவது கட்டுகிறாயா என்று ஆல்வினைக் கேட்டேன். "சும்மா தட்டிக்கிட்டு இருக்கேன்" என்றான். பார்க்கலாம் என்று எழுந்தால் ஷெட் பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். தேடுகிற மாதிரியே தெரியவில்லை.

கிளம்பும்போது ஷைனி வாசல்வரை வந்தாள். "எது நடந்தாலும் அத்தான் எங்க மேல கோவப்படக்கூடாது" என்றாள். எதற்கு என்று கேட்டால், பியூலா பதில் சொல்கிறாள்: "குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லுதா." குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆடி முதல் ஞாயிறு, போட்டி நாள். காலையிலேயே நல்ல மேல்காற்று. கழியில் புழுதி ஓடுகிறது. வழக்கம்போல் வண்டிகளை வரிசையாக நிறுத்தி அளந்தேன். எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கயிற்றின் முனை இரண்டும் தொட்டதும் அளக்கிறவன் "தொட்டாச்சு!" என்று சத்தம்போட வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

என் வண்டியைத்தான் முதலில் அளந்தேன். தொட்டாச்சு. கைதட்டல்.

கடைசியாக ஒரு லோடு ஆட்டோவில் தார்ப்பாய் போர்த்திய புது வண்டி வந்தது. கூட ஆல்வின். இறக்கி வைத்துப் போர்வையை எடுத்தான். பின்பக்க அச்சு பைப் இல்லை. கமான் பட்டை. நடுவில் மேல்நோக்கிக் குவிந்து, பூனை முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. யார் சொன்ன யோசனை இது? டீக்கடையில் நின்று யார் யாரிடம் சொன்னது?

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மண்டியிட்டுக் கயிற்றைச் சுற்றினேன். முனை இரண்டும் தொட்டதோடு, ஒரு சாண் மிச்சமாகவும் இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். சொல்லித்தானே ஆக வேண்டும்? என் வாயாலேயே சொன்னேன். ரோட்ரிகோ சார் "என்ன?" என்று கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். கைதட்டினார்கள்.

ஆல்வின் ஏறிப் படுத்தான். பட்டை என் கண்ணெதிரே தணிந்தது. சக்கரம் இரண்டும் மண்ணைக் கீறிக்கொண்டு வெளிப்பக்கம் நகர்ந்தன. அந்தக் கோடு இன்னும் கழியில் கிடக்கும், போய்ப் பார்க்கலாம்.

"சார், இது அநியாயம். இப்ப அளங்க!" என்று கத்தினேன்.

ரோட்ரிகோ சார் குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "ஆள் படுத்த பிறகு அளக்கணும்னு நீரு எழுதியிருக்கீரா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்பம் ஓடட்டும். மாத்தணும்னா அடுத்த கூட்டத்துல கொண்டாரும்."

ஓடியது. எப்படி ஓடியது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது சுற்றில் என்னைத் தாண்டிப் போனான். என் பாயைவிடப் பெரிய பாய், ஒரு சுருக்கம் இல்லாமல் காற்றைப் பிடித்து நின்றது. மேல்பக்கமாக ஒட்டி வந்ததால் என் காற்றை அப்படியே மறைத்தான். என் மதுரைப் பாய் தொங்கிவிட்டது. அப்போதுதான் அவன் பாயின் கீழ் மூலை என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து போனது. வெள்ளைத் துணியில் நீல நூலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

எந்தத் துணியானாலும், தையலை முடிக்கிற இடத்தில் நீல நூலில் அந்தக் குறியைப் போடுகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். என் சட்டைக் காலருக்கு உள்ளேயும் அது இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டேன். மூன்றாவது சுற்றை நான் ஓட்டவேயில்லை.

சாயங்காலம் பாய்களைச் சுருட்டும்போது ஆல்வின் அவனாகவே வந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சகல."

"சொல்லியிருந்தா மறுநாளே விதியை மாத்தியிருப்பீங்க."

"ஏல, அது என் யோசனை."

"ஆமா, உங்க யோசனைதான். யாரும் செஞ்சிரக்கூடாதுன்னு நீங்க யோசிச்சீங்க. நான் செஞ்சேன்." சுருட்டிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு வருசமா நான் உங்க பின்னாடியே வந்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. பின்னாடி வாரவனுக்குச் சில விசயம் நல்லாத் தெரியும்" என்றான்.

இதற்கு என்ன அர்த்தம்? திருடியவன் தத்துவம் பேசுகிறான்.

ஜூலை 21, திங்கள்

பட்டறை திறக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பியூலாவிடம் கேட்டுவிட்டேன். இரண்டு நாளாகக் கேட்காமல் இருந்ததே பெரிது.

"ஷைனி கேட்டா. தச்சுக் கொடுத்தேன்" என்றாள். மறைக்கவில்லை, தலையையும் குனியவில்லை.

"எனக்கு எதிரா ஓடப் போறான்னு தெரிஞ்சும் தச்சியா?"

"நீங்க எங்கிட்டத் தைக்கச் சொல்லலியே."

"உனக்கு வேலை கூடுதலா இருக்கேன்னுதான்..."

"அப்படியா?" என்றாள். தைத்து முடித்த ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு, "மதுரைக்காரர் தச்ச பாய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன். சகலை வெளியாள், போகட்டும். கட்டின மனைவி, ஒரே கூரைக்குக் கீழே எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, என்னைத் தோற்கடிக்க உட்கார்ந்து பாய் தைத்திருக்கிறாள். இதைவிட ஒரு மனிதனை யார் என்ன செய்துவிட முடியும்?

ஜூலை 24, வியாழன்

ஷைனி நண்டுக் குழம்பு கொடுத்துவிட்டிருந்தாள். தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு சாப்பிட்டேன். வீணாக்கக்கூடாது.

ஜூலை 26, சனி

நாளை கூட்டம். ஆல்வின் வண்டியை மாதிரியாக்கும் தீர்மானம் வருகிறது. விடுவேனா? நான் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். 'ஓட்டுபவர் படுத்த நிலையிலேயே வண்டியை அளக்க வேண்டும். அந்த அளவுக்குள் அடங்காத வண்டியின் வெற்றி, எந்த வருடத்து வெற்றியானாலும், செல்லாது.' அந்த 'எந்த வருடத்து' என்பதை யோசித்துத்தான் சேர்த்தேன். இந்த வருடம் மட்டும் என்றால் வஞ்சம் தீர்க்கிறேன் என்பார்கள்.

ரோட்ரிகோ சாரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "நியாயமாத்தான் இருக்கு. எல்லாரும் வண்டியைக் கொண்டாங்க. அங்கனயே ஒவ்வொருத்தனாப் படுக்க வச்சு அளந்திருவோம். உம்ம வண்டியில தொடங்குவோம், யாரும் வாயைத் திறக்க மாட்டான்" என்றார். போனை வைத்தபோது இந்த வாரத்தில் முதல்முறையாக மனது லேசாக இருந்தது. ஆல்வின் முகம் நாளை எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் வண்டியை முற்றத்தில் இறக்கி ஒரு ஒத்திகை பார்த்தேன். நான் படுக்க வேண்டும், கயிறு பிடிக்க ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? பியூலாவைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்குப் பிறகு அவளிடம் நானாகப் பேசியது இதுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, நான் சொன்னபடி கயிற்றைச் சுற்றினாள்.

"எட்டல" என்றாள்.

"இழுத்துப் பிடி."

"இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன். நாலு விரக்கடை எட்டல."

மூச்சை உள்ளே இழுத்து, உடம்பை இறுக்கிக்கொண்டேன். எட்டவில்லை. எழுந்து நின்றேன், தொட்டது. படுத்தேன், தொடவில்லை. அவளைப் பலகையில் படுக்கச் சொல்லி நானே பிடித்துப் பார்த்தேன். அவள் எடைக்கே இரண்டு விரல் எட்டவில்லை. குனிந்து பார்த்தால் பைப் நடுவில் தணிந்து, சக்கரம் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு நிற்கின்றன. சிவப்புப் பெயிண்டில் மெல்லிசாக ஒரு வெடிப்பு.

பியூலா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான்கு வார்த்தை திட்டியாவது இருப்பேன். படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"போன வருசமும் இதே பைப்தானா?"

"எழுந்திரு, கொசு கடிக்கும்" என்றேன்.

"அதுக்கு முந்தின வருசமும்?"

வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 27, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. முட்டி வலி. ஆராதனைக்குப் போனேன். பியூலா பக்கத்து வரிசையில் ஷைனியோடு உட்கார்ந்திருந்தாள். ஆல்வின் வரவில்லை, அவன் கூட்டத்துக்குப் போயிருப்பான். பிரசங்கம் நீளம்.

மத்தியானம் ரோட்ரிகோ சார் போன் செய்தார். எல்லோரும் வண்டியோடு காத்திருக்கிறார்களாம், கயிற்றையாவது யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார். ஆல்வின் அங்கே என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவன் ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சி வர மாட்டாக, வேற வேலையைப் பாருங்கன்னு மட்டும் சொன்னான்" என்றார்.

அப்படியானால் அவனுக்கு எப்போதிருந்து தெரியும்? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவனை என்ன பெயர் சொல்லித் திட்டுவது? இதை யோசித்தால் தலை வலிக்கிறது.

கயிறு உதவாது சார், சுருங்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். இந்த வருட வெயில் அப்படி.

"கம்பிக் கயிறா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.